இணைய விளையாட்டில் எல்லையும் இடுக்கு வழியும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைக் கணினி அறிவியல்)

முன்னுரை

விளையாட்டு என்றதும் அது வீண்பொழுது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். கணினி விளையாட்டு என்றால் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் ஒரு விளையாட்டை ஆடுவது வேறு. அதை அமைப்பது வேறு. ஆடுபவன் தன் வெற்றியை மட்டும் எண்ணினால் போதும். அமைப்பவனோ வெல்பவனையும் தோற்பவனையும் ஒருங்கே எண்ணியாக வேண்டும். இந்த வேறுபாட்டை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. என் தோல்வியிலிருந்து கற்றேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறையில் நடந்த கண்காட்சிக்காக நானும் வகுப்புத் தோழர் மூவரும் சேர்ந்து ஒரு சிறு விளையாட்டை உருவாக்கினோம். ஆய்வகத்திலுள்ள 10 கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஐவர் ஐவராக இரண்டு அணிகள் ஆடலாம். நடுவே ஓர் ஆறு. ஆற்றின் குறுக்கே ஒரே ஒரு பாலம். இரு கரையிலும் இரு அணிகளின் ஊர்கள். எதிரியின் ஊரைப் பிடித்தால் வருவாய். வருவாய் பெருகினால் மேலும் ஆயுதம். முதல் நாள் ஆய்வகத்தில் நிற்கவும் இடமில்லை. மூன்றாம் நாள் முதலாண்டு மாணவர் ஒருவர்கூட வரவில்லை.

ஏன் என்று விசாரித்தேன். அவர்களுள் ஒருவன், “அண்ணே, பாலத்துக்குப் போனா சாவு. போகலன்னா சும்மா நிக்கணும். இதுக்கு எதுக்கு வரணும்?” என்றான். அருகில் நின்ற எங்கள் பேராசிரியர் சிரித்துக்கொண்டே, “ஜெயிக்கிறவனுக்கு நிறைய வேலை வச்சிருக்கீங்கப்பா. தோக்கிறவனுக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

இடுக்கு வழி என்பது யாது?

பலர் கடந்தே தீர வேண்டிய குறுகிய இடத்தை இடுக்கு வழி எனலாம். கணவாய், பாலம், கோட்டை வாயில் யாவும் இவ்வகையின. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் நிற்க, பாலக்காட்டுக் கணவாய் மட்டும் வாயிலாக அமைந்திருப்பதை நாம் அறிவோம். சாலையும் இரயிலும் அவ்வழியே செல்வது தற்செயலன்று. திருக்குறளில் அரண் என்னும் அதிகாரம், காக்கும் இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருப்பதை நல்ல அரணின் இலக்கணங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. இடுக்கு வழியின் ஆற்றல் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. வருபவர் ஆயிரம் பேராயினும் ஒரே நேரத்தில் நுழையக்கூடியவர் சிலரே. ஆகவே சிலர் பலரைத் தடுக்க முடிகிறது.

நம் ஊர்த் திண்ணைகளில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தையும் இங்கு நினைக்கலாம். அதில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. ஆயினும் ஆடுகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்று புலியின் வழியை அடைத்துவிட்டால் புலி தோற்றுவிடும். வலிமையற்றவனுக்கு வழியை அடைப்பதே ஆயுதம் என்பதை அவ்வாட்டம் எவ்வளவு எளிதாகக் காட்டுகிறது!

எங்கள் பாடத்தில் வரும் கோட்டுருவியல் இதனையே கணக்காகச் சொல்கிறது. ஊர்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் வரைந்துகொள்வோம். எந்தப் புள்ளியை நீக்கினால் படம் இரண்டு துண்டாகப் பிரிகிறதோ அதனை வெட்டுமுனை என்பர். எங்கள் பாலம் அத்தகைய வெட்டுமுனை. அதைப் பிடித்தவன் வரைபடத்தையே பிடித்தவன் ஆகிறான்.

இடுக்கு வழி இல்லாவிடில் என்ன ஆகும்?

என் முதல் எண்ணம், பாலத்தை எடுத்துவிட்டு ஆறு முழுவதையும் எங்கு வேண்டுமானாலும் கடக்கலாம் என்று மாற்றிவிடுவோம் என்பதே. அது தவறு என்பதைப் ‘பிளானட்சைடு 2’ என்னும் விளையாட்டின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

2012 நவம்பரில் வெளிவந்த அவ்விளையாட்டில் மூன்று அணிகள் பெரிய கண்டங்களில் நூற்றுக்கணக்கானோராய்த் திரண்டு போரிடும். 2015ஆம் ஆண்டில் 1,158 பேர் ஒரே களத்தில் போரிட்டு, இவ்வகைத் துப்பாக்கிப் போர் விளையாட்டில் உலகச் சாதனை படைத்தனர். ஆனால் தொடக்கத்தில் அதில் ஒரு குறை இருந்தது. வரைபடம் தேன்கூட்டின் அறைகள்போல் அறுகோணக் கட்டங்களாய்ப் பிரிக்கப்பட்டிருந்தது. தன் கட்டத்தை அடுத்துள்ள எந்தக் கட்டத்தையும் ஓர் அணி தாக்கலாம். விளைவு என்ன? ஒரு படை வடக்கே ஓர் ஊரைப் பிடிக்கும்போது எதிரிப்படை தெற்கே ஆளில்லாத வேறோர் ஊரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரு படைகளும் ஒன்றையொன்று காணாமலே சுற்றிச் சுற்றி வந்தன. போர் விளையாட்டில் போரைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

2013இல் அமைப்பாளர்கள் ‘இந்தார்’ என்னும் பாலைக் கண்டத்தில் இம்முறையை மாற்றினர். ஒவ்வோர் ஊரையும் குறிப்பிட்ட சில ஊர்களோடு மட்டும் கோடுகளால் இணைத்தனர். கோடு உள்ள வழியே மட்டும் தாக்கலாம். எதிரி அடுத்து எங்கே வருவான் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தது. தெரிந்ததால் சந்திப்பு நிகழ்ந்தது. 2003ஆம் ஆண்டின் முதல் ‘பிளானட்சைடு’ விளையாட்டிலேயே இத்தகைய பின்னல் முறை இருந்தது. கைவிட்ட ஒன்றை மீண்டும் கைக்கொண்டனர் என்றே கூற வேண்டும்.

ஆகவே இடுக்கு வழி என்பது தடை மட்டுமன்று. பகைவர் இருவர் சந்திக்கும் இடமும் அதுவே. திருவிழாவில் கூட்டம் தேர்முட்டியில் கூடுவதுபோல, ஆட்டக்காரர்களை ஓரிடத்தில் கூட்டுவது அதன் முதற்பணி. பாலத்தை அடியோடு நீக்குவது விடையன்று என்று தெளிந்தேன்.

விண்வெளியில் ஒரு சுங்கச்சாவடி

இடுக்கு வழியின் நன்மை தீமை இரண்டையும் ஒருங்கே காட்டும் விளையாட்டு ‘ஈவ் ஆன்லைன்’. ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. நிறுவனம் இதனை 2003 மே மாதம் வெளியிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் கதவுகளால் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல அக்கதவின் வழியே தாவ வேண்டும். சில மண்டலங்களில் காவற்படை உண்டு. சிலவற்றில் காவல் அரைகுறை. எஞ்சிய பரந்த வெளியில் சட்டமே இல்லை. அங்கே ஆட்டக்காரர்களின் கூட்டணிகளே அரசுகள்.

சட்டமற்ற வெளியில் கதவருகே பதுங்கி நின்று, தப்பியோட முடியாதபடி தடைவலை விரித்து, வருபவரை வீழ்த்துவது அன்றாட நிகழ்ச்சி. வருபவனுக்கு அமைப்பாளர்கள் ஒரு சிறு சலுகை தந்துள்ளனர். கதவைக் கடந்து வந்தவன் அசையாதிருக்கும்வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவன் சுற்றிலும் பார்க்கலாம்; ஓடுவதா, திரும்புவதா, தோழரை அழைப்பதா என்று முடிவு செய்யலாம். வாயிலில் நிற்பவன் பலசாலிதான். ஆயினும் வருபவனுக்கும் ஒரு முடிவெடுக்க இடம் இருக்கிறது. எங்கள் பாலத்தில் அந்த ஒரு நிமிடம் இல்லை. ஏறியவுடன் மரணம்.

இடுக்கு வழி பொருளாதாரத்தையும் ஆள்கிறது. ஜிடா, அமார் என்பன அவ்வுலகின் பெருஞ்சந்தைகள். இரண்டையும் இணைத்த குறுகிய காவல் வழியில் நியார்ஜா என்னும் மண்டலம் இருந்தது. சரக்குக் கப்பல்கள் அவ்வழியே சென்றாக வேண்டும் என்பதால் கொள்ளையர் அங்கே காத்திருப்பர். காவற்படை வந்து தம்மை அழிக்கும் என்று தெரிந்தே, அதற்குள் சரக்குக் கப்பலை வீழ்த்திப் பொருளை அள்ளுவர். 2020இல் அவ்விளையாட்டின் கதையில் ஒரு வேற்றுக் கூட்டம் படையெடுத்தது. ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் அதை எதிர்த்தனர். மற்றொரு சாரார் அதன் பக்கம் சேர்ந்து போரிட்டனர். நியார்ஜா வீழ்ந்தது. பத்துக்கும் குறைவான தாவல்களில் முடிந்த பயணம், காவலுள்ள வழியிலேயே செல்ல விரும்பியவர்க்கு நாற்பதுக்கும் மேற்பட்ட தாவல்களாயிற்று. ஒரு புள்ளி போனதும் இரு சந்தைகளும் வெகுதூரம் விலகிவிட்டன. வெட்டுமுனை என்னும் பாடத்திற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

வாயிலைத் தாண்டிப் பறப்பவர்

கதவுகள் எல்லோரையும் கட்டுப்படுத்தவில்லை. ஈவ் விளையாட்டின் மிகப்பெரிய போர்க்கப்பல்கள் கதவுகளைப் பயன்படுத்தாமலே நெடுந்தூரம் தாவக்கூடியவை. இதனால் வலிமையான கூட்டணி ஒன்று அண்டத்தின் எம்மூலையில் சிறு சண்டை நடந்தாலும் சிறிது நேரத்தில் வந்திறங்கியது. சிறியவர்களுக்கு இடுக்கு வழி. பெரியவர்களுக்குத் திறந்த வெளி! 2014 நவம்பரில் சி.சி.பி. இதைத் திருத்தியது. பெருங்கப்பல்கள் தாவும் தூரம் குறைக்கப்பட்டது. அடுத்தடுத்துத் தாவினால் களைப்பு ஏறி, மறு தாவலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. தூரம் என்பது பெரியவனுக்கும் தூரமாக இருந்தால்தான் சிறியவன் தன் மூலையில் வாழ முடியும் என்பது இதன் உட்பொருள்.

பிடித்ததைக் காப்பதற்கு விலை

வென்றவன் வருவாய் பெறுகிறான். வருவாயால் மேலும் வெல்கிறான். மலையில் உருளும் பனியுருண்டை போன்றது இது என்பார்கள். நாமோ வட்டிக்கு வட்டி என்றால் உடனே விளங்கிக்கொள்வோம். 2001 அக்டோபரில் வந்த ‘டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்’ விளையாட்டில் ஆல்பியன், மிட்கார்டு, ஹைபெர்னியா என மூன்று நாடுகள். ஒரு நாட்டின் புனிதச் சின்னத்தைக் கவர்ந்து வந்தால், கவர்ந்த நாட்டார் அனைவருக்கும் வலிமை கூடும். வென்றவன் மேலும் வெல்லும் வழி இது. ஆனால் அங்கு மூன்றாவது நாடு ஒன்று இருந்தது. ஒருவன் மிகுதியாய் ஓங்கினால் மற்ற இருவரும் அவனைத் தாக்குவதில் ஒன்றுபடலாம். இரண்டே அணி என்றால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிடும். மூன்றாம் அணி தராசின் முள்ளை அசைத்துக்கொண்டேயிருக்கும்.

ஈவ் விளையாட்டில் மற்றொரு முறை கையாளப்பட்டது. பிடித்த மண்டலத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். 2014 சனவரியில் பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்திற்குரிய கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமற் போயிற்று. உரிமை கைநழுவியது, எதிரிகள் பாய்ந்தனர். ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த அப்போரில் 7,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ‘டைட்டன்’ எனும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு 3 இலட்சம் அமெரிக்க டாலர் அளவுக்கு இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. கூட்டம் மிகுந்ததால் கணினி தாங்காது; ஆகையால் அவ்விளையாட்டில் காலத்தின் வேகத்தையே பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும் ஏற்பாடு உண்டு. ஒரு கட்டணத்தை மறந்ததால் ஒரு பேரரசு ஆட்டங்கண்டது. நாடு பிடிப்பது எளிது, நாளும் காப்பதே அரிது என்பதை அமைப்பாளன் விதியாகவே எழுதிவிடலாம் என்பதை இதிலிருந்து அறிந்தேன்.

பரிசை உயர்த்தினால் போதுமா?

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 2010 டிசம்பரில் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ‘டோல் பராட்’ என்னும் தீவுக்களம் திறக்கப்பட்டது. தாக்குவோர் மூன்று தளங்களையும் ஒரே நேரத்தில் தம் கைக்குள் வைத்திருக்க வேண்டும். காப்போருக்கு ஒன்று மீந்தாலும் போதும். மூன்றாவதைத் தாக்க எல்லோரும் சென்றால், காப்போர் காலியான முதல் தளத்தை மீட்டுக்கொள்வர். எனவே காப்போரே திரும்பத் திரும்ப வென்றனர்.

இதைச் சரிசெய்யத் தாக்குவோர் வென்றால் கிடைக்கும் பரிசைப் பத்து மடங்காக உயர்த்தினர். நடந்தது என்ன? இரு அணியினரும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு, இம்முறை நீ, மறுமுறை நான் என்று தீவை மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்துப் பரிசைப் பங்கிட்டனர். போர் நின்றது, பரிசு மட்டும் ஓடியது. அந்த உயர்வு விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. குறை களத்தின் அமைப்பில் இருக்க, மருந்தைப் பரிசில் தேடியதால் வந்த வினை இது. தேர்வுத்தாள் சரியில்லை என்றால் கருணை மதிப்பெண் போட்டுச் சரிக்கட்ட முடியாது என்பது மாணவராகிய நமக்குத் தெரியாததா?

மீண்டும் எங்கள் ஆறு

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு எங்கள் விளையாட்டைத் திருத்தினோம். 10 கணினிகளில் 9 ஆட்டத்திற்கு. அணிக்கு மூவராக மூன்று அணிகள். பத்தாவது கணினி வேடிக்கை பார்ப்பவர்க்கு.

பாலத்தை எடுக்கவில்லை. ஆற்றின் மேற்புறத்தில் முழங்காலளவு தண்ணீருள்ள ஒரு துறையை வைத்தோம். அவ்வழியே மெதுவாகத்தான் கடக்க முடியும். ஆனால் கடக்க முடியும். ஒவ்வோர் அணிக்கும் எவராலும் பிடிக்க முடியாத ஒரு தாயூரைக் கொடுத்தோம். பிளானட்சைடில் ஒவ்வோர் அணிக்கும் அத்தகைய அழியா இருப்பிடம் ஒன்று உண்டு. அங்கிருந்து கற்றது இது. தாயூரிலிருந்து தொலைவாகும் ஊருக்குக் காவற்செலவை உயர்த்தினோம். பாலத்தில் நிற்பவனுக்கு அம்பு தாயூரிலிருந்தே வண்டியில் வரவேண்டும் என்று விதித்தோம். துறை வழியே இருவர் கடந்துபோய் அந்த வண்டியை மறித்தால், பாலத்துக் காவலன் சற்று நேரத்தில் வெறுங்கையனாவான்.

கடைசி இரண்டு நாள் இந்தப் புதிய வடிவத்தை ஆடவிட்டோம். அழைப்பை ஏற்று முதலாண்டு மாணவர்கள் தயக்கத்தோடு வந்தனர். எல்லாம் நலமாய் முடிந்தது என்று எழுதினால் அது பொய். முதல் ஆட்டத்திலேயே இரண்டாமாண்டும் மூன்றாமாண்டும் கைகோத்துக்கொண்டு முதலாண்டை நசுக்கிவிட்டனர். மூன்றாம் அணி வலியவனுக்கு எதிராகத்தான் சேரும் என்று நான் எண்ணியிருந்தேன். எளியவனுக்கு எதிராகவும் சேரும் என்பதைக் கண்முன்னே கண்டேன். மூன்று அணி என்பது நீதிக்கு வாய்ப்பே தவிர நீதிக்கு உறுதியன்று.

அவ்விரண்டு நாட்களில் முதலாண்டு அணி வென்றது ஒரே ஒரு முறை. ஆயினும் அவர்கள் எழுந்து போகவில்லை. முன்பு “இதுக்கு எதுக்கு வரணும்?” என்று கேட்ட அதே மாணவன், பாலத்தின் பக்கமே போகாமல், ஆட்டத்துக்கு ஆட்டம் வண்டியை மறிப்பதையே தொழிலாகக் கொண்டான். தோற்ற பிறகும் அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. “அண்ணே, இன்னைக்கு உங்க ஆளு பாலத்துல வெறுங்கையோட நின்னதைப் பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

முடிவுரை

இடுக்கு வழி இல்லாத களத்தில் சந்திப்பு இல்லை. இடுக்கு வழி ஒன்றே உள்ள களத்தில் நம்பிக்கை இல்லை. நேர்வழி ஒன்றும் அரிய வழி ஒன்றும், பிடித்ததற்கு ஒரு விலையும், பிடிக்க முடியாத ஒரு தாயூரும் இருந்தால், தோற்பவனும் மறுநாள் வருவான். அவன் வந்தால்தான் வெல்பவனுக்கும் ஆட்டம் உண்டு. எதிரில் ஆளில்லாத பாலத்தை மூன்றாம் நாள் நான் காத்து நின்றேன். அதைவிடச் சலிப்பான வெற்றியை நான் அறியேன்.

பேராசிரியர் அவர்களின் கேள்விக்கு இன்று என்னால் விடை சொல்ல முடியும். தோற்பவனுக்கு வெற்றியைக் கொடுக்க அமைப்பாளன் கடமைப்பட்டவன் அல்லன். அடுத்து என்ன செய்யலாம் என்று அவன் எண்ணிப் பார்க்க ஒரு வழியைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். அடுத்த கண்காட்சிக்கு இவ்விளையாட்டை எடுத்து நடத்தப்போகும் இளைய மாணவர்கள், வரைபடம் வரையும்போது முதலில் ஆற்றையும் பாலத்தையும் வரையட்டும். பேனாவை வைப்பதற்குமுன் மேற்புறத்துத் துறையை மறவாது வரையட்டும்.